டைம் கீப்பர் அண்ணாச்சிக்கு நான் தர வேண்டிய திருத்தம்

போன வாரம் காலை ஏழே முக்காலுக்குச் செய்தி வந்தது. ‘ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் பொன்னுச்சாமி மாரடைப்பால் காலமானார்’ என்று ஒரே ஒரு வரி, கீழே இரண்டு கும்பிடும் கைகள். யார் எழுதியது என்று தெரியவில்லை. நாலைந்து கை மாறி வந்த செய்தி. பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் எண்ணுக்கே போன் போட்டேன். மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை அவர் மனைவி எடுத்தார். பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்கு மேல் யாரிடமும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலரும் அவருடைய ‘மெய்யா பொய்யா’ வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்தத் தனியார் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பதுதான் அண்ணாச்சியின் வேலை. அந்த நோட்டோடு இன்னொரு நோட்டும் வைத்திருந்தார். ஊரில் சுற்றும் செய்தி எதுவானாலும் அதில் எழுதி, விசாரித்து, மெய் அல்லது பொய் என்று எதிரில் குறிப்பார். கூகுளை அவர் நம்பியதில்லை. கண்டக்டர்களைத்தான் நம்பினார். சுந்தரபாண்டியத்தில் கண்மாய் உடைந்துவிட்டது என்று வந்தால், அந்த வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் போடுவார். “ஏலே, நீ ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சொல்லு. கேள்விப்பட்டதைச் சொல்லாத.” மருந்து, வைத்தியம் சம்பந்தமான செய்தி என்றால் எனக்கு வரும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தினமும் அவர் கண் முன்னால்தான் பஸ் ஏறுவேன்.

ஒருமுறை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று ஒரு செய்தி சுற்றியது. ஊர்க்காரர்களே பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பஸ் ஏறிப் போய், சாயங்காலம் நாலு மணிக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போட்டார். ‘விழாதுன்னு சொன்ன நிழல்லதான் நிக்கேன். நல்லா குளுகுளுன்னு இருக்கு.’

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பதை மட்டும் நாலு நாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஒண்ணை வச்சிக்கிட்டே நாம படுற பாடு போதாதா தங்கச்சி?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். கடைசியில் கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போகும் விலங்கியல் பேராசிரியர் ஒருவரைப் பஸ்ஸுக்குள் ஏறி மடக்கிக் கேட்டுவிட்டு, வேண்டாவெறுப்பாக ‘மெய்’ என்று எழுதினார்.

இப்படிச் சிரித்தபடியே முடிக்கத்தான் ஆசை. முடியாது.

என் அப்பாவுக்கு மறதி நோய் உண்டு, சர்க்கரையும் உண்டு. முதல் தடவை அவர் வீட்டை விட்டு நடந்துபோனபோது அவருடைய போட்டோவைப் போட்டு ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். அண்ணாச்சி எனக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு குழுவில் போட்டார். இரண்டே மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிட்டார். அண்ணாச்சி தன் நோட்டில் ‘மெய். கிடைத்தார்’ என்று எழுதி முடித்தார்.

இரண்டு வருடம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு முதல் நாள், அப்பா மறுபடியும் காணாமல் போனார். நான் கடையில் இருந்தேன். “காலையில ஊசி போட்டுக்கிட்டு, ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டாருடி” என்று அம்மா போனில் கதறினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளே மயங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். நாள்தோறும் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தானே. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து புதிதாக நாலு வரி எழுத விரல் வரவில்லை. போனில் கிடந்த பழைய செய்தியைத் தேடி எடுத்து, அப்படியே தெருக் குழுவுக்கும் சொந்தக்காரர் குழுவுக்கும் தள்ளிவிட்டேன். அதே போட்டோ, அதே வரிகள். தேதி போடவில்லை. அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லவும் தோன்றவில்லை.

அது கை மாறி மாறி அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தது. தேர்க்கூட்டத்துக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஏற்கெனவே விசாரித்து முடித்த செய்தி. எனக்குப் போன் போடவில்லை. ‘இது பழசு. ஆள் கெடச்சாச்சு. யாரும் அனுப்பாதீங்க’ என்று போட்டுவிட்டார். அண்ணாச்சி சொன்னால் மறுபேச்சு உண்டா? எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

குழுவை நான் திறந்தே பார்க்கவில்லை, எனக்கு இது தெரியாது. ராஜபாளையத்தில் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மேல் ஒரு சித்தப்பா போன் போட்டு, “அப்பா கெடச்சிட்டாராமே, சந்தோசம்மா” என்றார். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நாலு பேர் பார்க்க அண்ணாச்சியைக் கன்னாபின்னாவென்று பேசினேன். “எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன். பெரிய மெய்யி, பொய்யி! ஒரு போன் போடத் தெரியல?”

அவர் முகம் செத்துப் போயிற்று. குழுவில் உடனே ஒரு வரி போட்டுவிட்டு, ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். “நான் போட்டது தப்புய்யா. அந்தப் பெரியவர் இன்னைக்குத்தான் காணோம். பாத்தியா?” குழுவில் போட்டதே போதாதா என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். “பழசுன்னு படிச்சவன் திரும்பத் தொறந்து பாக்க மாட்டான். தப்பு தானாப் போயிரும், திருத்தத்தை நாமதான் கொண்டுபோய்ச் சேக்கணும்” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். பத்துப் பதினைந்து போனுக்குப் பிறகு ஆட்டோக்காரர் முனீஸ் எடுத்தார். “அண்ணாச்சி, அவியளையா? பதினொரு மணிக்கு அய்யனார் கோவில் ரோட்டுல நடந்து போனாவளே! பொறவு போட்டோவைப் பாத்ததும் போன் போடலாம்னுதான் எடுத்தேன். நீங்க பழசுன்னு போட்டிருந்திய. சரி, வேற ஆளுன்னு விட்டுட்டேன்.”

“ஏலே, ஆட்டோவை எடுத்துக்கிட்டு உடனே ஸ்டாண்டுக்கு வா” என்றார் அண்ணாச்சி.

முனீஸ் ஆட்டோவிலேயே போனோம். வழியெல்லாம் அண்ணாச்சி, “செத்த வேகமாப் போலே, செத்த வேகமாப் போலே” என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மாந்தோப்பு வேலி ஓரம் அப்பா சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. ஒரு காலில் செருப்பு இல்லை. கூப்பிட்டால் கண் மட்டும் லேசாகத் திறந்தது. பையில் வைத்திருந்த குளுக்கோஸை ஈறில் தேய்த்துக்கொண்டே என் ஜென்மத்தில் நான் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி குழுவில் எழுதினார். ‘விசாரிக்காமல் பழசு என்று போட்டேன். ஒரு உயிர் போகப் பார்த்தது. தப்பு என்னோடது.’ அதைக் குழுவின் உச்சியில் நிலையாக வைத்தார். கண்டக்டர் பையன்கள் அவரை ‘பழசு அண்ணாச்சி’ என்று கேலி பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டார். சிலர் குழுவை விட்டே போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். “இனிமே ஆள் காணோம்னு வந்தா, நூறு தடவை வந்த செய்தியா இருந்தாலும் ஒரு போன் போட்டுட்டுத்தான் தங்கச்சி மறுவேலை” என்றார். நீ ஏன் தேதி போடவில்லை என்று கேட்பார் என்று பயந்து, மாத்திரை அட்டையை இரண்டு முறை எண்ணினேன். கேட்கவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா என்றுதான் கேட்டார். முதல் செய்தியை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எழுதி வைத்திருந்தவர். நான் அனுப்பியதும் அதேதான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர் துக்க வீட்டுப் பந்தலில் ஒருவர், “மனுசன் அம்புட்டும் சரியாச் சொல்லுவாவ. அந்த ஒரு தடவைதான் சறுக்கிட்டாவ” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணாச்சி தவறே செய்யவில்லை என்று எழுத மாட்டேன். எழுதினால் அவரே ‘பொய்’ என்று குறித்துவிடுவார். ஆனால் பாதித் தவறு என்னுடையது. பயத்தில் பழைய செய்தியைத் தேதியில்லாமல் அனுப்பியவள் நான். அதற்கான ஏச்சையும் சேர்த்து அவர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், பாவி நான். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். திருத்தத்தை எழுதிப் போட்டால் மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குழுவில் இருந்தவர்களை நேற்று முதல் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தியொரு பேரிடம் சொல்லிவிட்டேன். முனீஸ் பெயர் வந்ததும் நிறுத்தி வைத்திருக்கிறேன். அண்ணாச்சியை மதித்துப் போனைக் கீழே வைத்தவர் அவர். இதை எழுதி முடித்ததும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.