இராமேஸ்வரத்துக்கு எவ்வளவு நேரம்?

நான் தலைமன்னாரில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒருநாள் பிள்ளைகளிடம் போனில் இணைய வரைபடத்தைத் திறந்து கொடுத்தேன்.

“இங்கயிருந்து மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் போக எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கோ.”

மடு மாதா கோயிலைவிட இந்தியா கிட்ட என்று கண்டதும் வகுப்பில் ஒரே சத்தம். தூரத்தை நான் சொன்ன படகின் வேகத்தால் வகுத்து, இராமேஸ்வரத்துக்கு இரண்டு மணித்தியாலம் என்றார்கள். நான் எதிர்பார்த்த விடையும் அதுதான்.

மெரினா மட்டும் ஒரு கிழமை, ஏழு நாள், என்று எழுதியிருந்தாள்.

“எப்பிடிப் பிள்ளை ஒரு கிழமை?”

“பெரியம்மா ஆக்கள் அங்க அகதி முகாமில இருக்கினம் டீச்சர். பெரியப்பான்ர செத்தவீட்டுக்கு அம்மா போனவ. இங்கயிருந்து படகு ஓடுறேல்லயே. வீசா எடுத்து, கொழும்புக்கு ரயிலேறி, பிளேனில சென்னைக்குப் போய், திரும்பவும் ரயில். போய்ச் சேரேக்க அடக்கம் முடிஞ்சிட்டுது.”

பிழை போட எனக்குக் கை வரவில்லை. சரி போட்டால் மற்றப் பிள்ளைகளின் விடை என்னாவது?

“அப்ப எது கிட்ட டீச்சர்?” என்று மெரினாவே கேட்டாள்.

இப்போதும் அந்தப் பாடம் வரும்போது வரைபடத்தைத் திறக்கிறேன். மடுவைக் கேட்கிறேன்; இராமேஸ்வரத்தைக் கேட்பதில்லை.