இறால் கோதும் முதற்பரிசும்

இத்தாலியின் பாலெர்மோ நகரில் பத்மநாதனுக்கு அருவருப்பானவை பல. அவற்றில் முதலிடம் சீசா என்ற வட்டாரத்தில் அவர் வீட்டுத் தெருமுனைக்குத்தான். கிழிந்த மெத்தை, கதவில்லாத பிரிட்ஜ், வெயிலில் வெந்த குழந்தை நாப்பிகள், அவற்றின் மேல் வீட்டுக்காரத் தோரணையில் படுத்திருக்கும் ஒரு பூனை. ஓடும் காரிலிருந்தே ஆட்கள் பையை வீசிவிட்டுப் போவார்கள். பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் குமட்டும். குமட்டல் அடங்கியதும் தத்துவம் வரும்.

வருவதற்கு நியாயம் இருந்தது. பதினாறு வருடமாக ஐந்து கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறார். அவற்றில் ஒன்றின் மூன்றாம் மாடி சிஞ்ஞோரா அம்மாள், ஈரம் காயுமுன்பே மேசைத் துணியைப் படியில் உதறுவார். பிறகு, நகரம் நாறுகிறது என்று அவரிடமே முறையிடுவார்.

ஆகவே தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியின் தலைப்பைக் கண்டதும் பத்மநாதன் பேனாவைத் தேடினார். மனிதனின் குணத்தை ஆக்குவது சூழலா? ஆம் என்றும் பேசலாம், இல்லை என்றும் பேசலாம். தகப்பன்மார் எழுத, பிள்ளைகள் பாடமாக்குவது அங்கே வழக்கம். மகள் சிவானுஜாவுக்கு அவர் எழுதியது 'இல்லை'. சூழல் தோலோடு நின்றுவிடும், உள்ளே நுழையாது. சான்று: 'இந்தக் குப்பை நகரத்தில் என் தந்தை ஒரு கடதாசித் துண்டைக்கூட வீதியில் போட்டதில்லை.' தன்னைப் பற்றி ஒரே வரி எழுதியதை அவர் அடக்கம் என்றே நம்பினார். முதற்பரிசு கிடைக்காவிட்டால் பாலெர்மோ ஜெயித்துவிடும். அவருக்கு அது அப்படித்தான் பட்டது.

போட்டியன்று காலை மனைவி குகனேஸ்வரி ஒரு பையை நீட்டினாள். முந்தின நாள் உரித்த இறாலின் கோது.

"இஞ்சேருங்கோ, ஈரக்குப்பை எடுக்க இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. இது வீட்டுக்கை கிடந்தால் நான் வெளிக்கிட்டுடுவன்."

"போற வழியிலை பாத்துப் போடுறன்."

காருக்குள் பை ஒழுகியது. வெயில் ஏறியது. தெருமுனையில் கண்ணாடி இறங்கியது, கை தானாக வெளியே போனது. கார் நிற்கவில்லை. பை மெத்தையில் விழுந்தது. பூனை ஒதுங்கி இடம் விட்டது.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?" பக்கத்து ஆசனத்திலிருந்து சிவானுஜா கேட்டாள்.

"எல்லாரும் இதிலைதானே போடுகினம்."

அந்த வசனத்தை எத்தனை பேர் வாயில் கேட்டு அவருக்குக் குமட்டியிருக்கிறது.

"அப்ப அந்த வரியை விடவோ?"

"விடாதை பிள்ளை. அதிலைதான் முழுப் பேச்சும் நிக்குது."

மேடையில் அவள் விடவில்லை. அந்த வரிக்கு முன் சற்று நிறுத்தி, தந்தையை நோக்கிக் கையை நீட்டினாள். மண்டபம் கைதட்டியது. அவரும் தட்டினார், தட்டத் தட்ட உள்ளங்கையிலிருந்து இறால் நாற்றம் எழுந்தது. முதற்பரிசு அவளுக்கே.

திரும்பும் வழியில் அவரால் பொறுக்க முடியவில்லை. "முகம் மாறாமல் பொய் சொல்ல எங்கை பழகினனி? இந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டையளிட்டையோ?"

அவள் பரிசுக் கோப்பையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "இல்லையப்பா. வீட்டிலை."

தெருமுனையில் பூனை இறால் கோதை இழுத்துக்கொண்டிருந்தது. பத்மநாதன் கண்ணாடியை ஏற்றினார். நாற்றம் உள்ளேதான் இருந்தது.