சூட்டில் விரிந்த வெற்றிடங்கள்

செங்கல்பட்டில் எங்கள் கல்லூரி ஆய்வக உலையை இயக்கியவர் மெலிந்த மனிதர். படிகமற்ற சிலிக்கான் படலம் பூசிய கண்ணாடியை உலையிலிருந்து எடுத்ததும், அளவிடும் கருவியில் வைக்குமுன் சன்னல் ஒளியில் சாய்த்துப் பார்ப்பார்.

சூடேற்றினால் படலத்தின் நுண்வெற்றிடங்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், சுருங்கும் என்று கட்டுரை எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பவிருந்தேன். அன்று அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"கொப்புளம் கீது சார். உள்ள கீற ஹைட்ரஜன் ஓட்டைய ஊதிகினு கீது. சூட்ட மெதுவா ஏத்துனா வெளிய பூடும்."

"பேராசிரியருக்கே பாடமா?"

"நான் இன்னா சார் சொல்றது? கண்ணாடி சொல்லுது."

மனமின்றி இசைந்தேன். மெதுவாகச் சூடேறிய படலம் கொப்புளமின்றி வந்தது. வேகமாகச் சூடேற்றினால் வெற்றிடங்கள் விரியும் என்று கட்டுரையைத் திருத்தினேன், தலைகுனிவிலிருந்து தப்பினேன். அதில் அவர் பெயரையும் சேர்க்க முன்வந்தேன்.

"அடுத்தது இன்னும் நல்லா வரும் சார். அப்போ போடுங்க" என்றார்.

என் பெயர் கெடுமோ என்று அஞ்சிய எனக்கு, அவருடைய அவசரமின்மை இன்றும் வியப்பே.