மைக்கை அணைக்கிறவர்

மாநகர மன்றத்தில் அவருக்கு 'சுவிட்ச்' என்று பேர். மேயரே வந்ததும் வராததுமாக, "சுவிட்ச் வந்தாச்சா? அப்ப ஆரம்பிச்சிடலாம்" என்பார்.

கூட்டம் நடக்கும் ஹாலின் மூலையில், ஒரு தூணையொட்டி அவருடைய சின்ன மேஜை. மேஜையில் வரிசையாகப் பொத்தான்கள். உறுப்பினர் ஒவ்வொருவரின் மைக்குக்கும் ஒரு பொத்தான். கடைசிப் பொத்தான், பொதுமக்கள் எழுந்து வந்து பேசும் மைக்குக்கு. பேச்சு ஆரம்பித்தால் பச்சை பல்பு எரியும், முடியப்போகும்போது மஞ்சள், நேரம் தீர்ந்தால் சிவப்பு. சிவப்பு வந்த உடனே பொத்தானை அமுக்கி மைக்கை அணைக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், பேச ஆசைப்படுகிற ஒரே ஒரு ஆளின் வாயை மூடிப் பார்க்கட்டும், தெரியும்.

ஒயரிங் வேலைக்கு வந்தவரை அப்படியே அந்த மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். வந்த புதிதில் ஒரு வயதான அம்மாள் தெருச் சாக்கடையைப் பற்றி அழுதுகொண்டே பேசினாள். இவருக்கு மனசு கேட்கவில்லை, சிவப்பு வந்த பிறகும் விட்டுவிட்டார். அடுத்து வந்தவர் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" ஹாலே இரண்டுபட்டது. அன்றைக்கு இவர் ஒரு முடிவுக்கு வந்தார். பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தால்தானே கை தயங்குகிறது? இனிமேல் பல்பைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மேயர்கள் வந்தார்கள், போனார்கள். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியானது, எதிர்க்கட்சி ஆளுங்கட்சியானது. மேயரின் மச்சான் பேசினாலும் சரி, தெருக்கூட்டுபவர் பேசினாலும் சரி, சிவப்பு வந்தால் மைக் அணைந்தது. "நரம்பில்லாத நாக்குன்னு சொல்வாங்க. இருக்கட்டுமே, மைக்குக்கு ஒயர் இருக்கே" என்பது அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக். முதல் தடவை சிரிக்காதவர்களும் பத்தாவது தடவை பாவம் என்று சிரித்துவிடுவார்கள்.

வீட்டில் அவருக்கு ஒரு மகள். முப்பதைத் தாண்டியும் பாப்பாதான். பேச்சு வரவில்லை. புது முகம் என்றால் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாள், பழகிய கை ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஊர் நடுவில், மன்றத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பகல் இல்லம் இருந்தது. இவளைப் போன்றவர்களைக் காலையில் விட்டு மாலையில் கூட்டி வரலாம். செலவுக்கு மன்றம் வருஷாவருஷம் பணம் ஒதுக்கும். பாப்பா அழாமல் அந்த வாசலைத் தாண்டுவதற்கே வெகுநாள் பிடித்தது. அப்புறம் அங்கேயிருந்து வீட்டுக்கு வரத்தான் அழுதாள். அவளை அங்கே விட்ட தைரியத்தில்தான் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். பாப்பாவின் மருந்து அந்த வேலையால்தான் இலவசமாகக் கிடைத்தது.

இப்படி ஒரு மகள் இருப்பதை அவர் மன்றத்தில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "சபையில வேலை பாக்குறவன் வீட்டுக் கதையை அங்க கொண்டுபோகக் கூடாது. நாளைக்கு எவனாவது சலுகைன்னு சொல்லுவான்" என்பார். "ஒரு வார்த்தை சொன்னா வாய் கோணிக்குமா?" என்று மனைவி கேட்பாள். கோணாதுதான். ஆனாலும் அவர் சொல்லவில்லை.

அந்த வருஷம் தீர்மானம் ஒன்று வந்தது. கடைவீதியில் கார் நிறுத்த இடமில்லை. ஆகவே பகல் இல்லத்தை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி கார் நிறுத்தம் கட்டலாம், இல்லத்துக்குப் போகிற பணத்தையும் அதற்கே திருப்பிவிடலாம், இல்லத்தில் இருப்பவர்களை ஊர்க்கோடியில் இருக்கும் வேறொரு காப்பகத்துக்கு அனுப்பலாம். நாள் முழுக்கச் சும்மா நிற்கப்போகிற காருக்கு ஊர் நடுவில் இடம், மனுஷருக்கு ஊர்க்கோடி. எந்த மகராசனின் மூளையில் உதித்த யோசனையோ!

பொதுமக்கள் சார்பில் தான் பேசுவதாக மனைவி பெயர் கொடுத்தாள். மாலையில் பாப்பாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசிப் பழகினாள். இவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

"கேட்டுட்டுத்தான் போங்களேன், எங்கயாவது தப்பா இருந்தா சொல்லலாம்ல?"

"நான் கேக்கக் கூடாது. அங்க மைக் போடுறவன் நான்."

"சரி, கேக்க வேணாம். என் மைக்கை அணைக்காம இருந்தா போதும், சாமி."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கூட்டத்தன்று உறுப்பினர்கள் அரைத்த மாவையே அரைத்தார்கள். கடைக்காரர்கள் பக்கம் நின்ற ஒருவர், கார் நிறுத்தம் வந்தால் ஊரே செழித்துவிடும் என்று வாய் கிழியப் பேசினார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இல்லத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள் என்று கெஞ்சினார். பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம். இரண்டு மூன்று பேர் எந்தப் பக்கமும் இல்லாமல் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பொதுமக்கள் முறை. மனைவி பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள். அவர் கடைசிப் பொத்தானை அமுக்கினார். பச்சை எரிந்தது. அவர் பச்சையைப் பார்த்தார்.

பாப்பா மைக்கைத் தட்டிப் பார்த்ததில் கொஞ்ச நேரம் போயிற்று. முதலில் மனைவிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு பேச்சு வந்துவிட்டது. பகல் இல்லத்தில் பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுகிற ஆயாவைப் பற்றிச் சொன்னாள். தானும் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு இவளுக்குத் தெரிந்த முகம் என்று அந்த இல்லத்தில்தான் இருக்கும் என்றாள். ஹால் அமைதியாகக் கேட்டது. மஞ்சள் எரிந்தது. அவர் மஞ்சளைப் பார்த்தார்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இந்த ஹால்ல..."

சிவப்பு. அவருடைய விரல் அமுக்கிவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. யோசித்தும் செய்யவில்லை. கண் சிவப்பைப் பார்த்தது, விரல் கீழே போயிற்று. தூக்கத்தில் கொசு அடிக்கிறவனுக்குத் தெரிகிற அளவுதான் அவருக்கும் தெரிந்தது. சத்தம் நின்ற பிறகுதான், நின்றது யாருடைய குரல் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மைக் போய்விட்டது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மைக்கைப் பார்த்தாள், தூணின் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அணைத்த மைக்கை மேயர் சொல்லாமல் மறுபடி போடக் கூடாது. அவர் மேயரைப் பார்த்தார். மேயர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா. அடுத்தவர் வரலாம்" என்றார். கார் நிறுத்த இடமில்லாமல் தான் படும் பாட்டைச் சொல்ல ஒரு டாக்ஸி டிரைவர் எழுந்து வந்தார். சுவிட்ச் அவருக்காகப் பொத்தானை அமுக்கினார்.

தீர்மானம் ஒரே ஒரு கை கூடுதலாக விழுந்து நிறைவேறியது.

வீட்டில் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை. சாப்பாடு போட்டாள், பாப்பாவுக்கு ஊட்டினாள், பாத்திரம் கழுவினாள்.

"கடைசியா என்ன சொல்ல வந்தே?" என்று கேட்டார்.

"அணைச்சாச்சுல்ல. விடுங்க" என்றாள்.

பகல் இல்லத்தைப் பூட்டினார்கள். பாப்பாவை ஊர்க்கோடிக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனபோது, அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு குரல் கம்மும்வரை கத்தினாள். சாப்பாட்டைத் தொடவே இல்லை. சில நாள் முயன்று பார்த்துவிட்டு அங்கே அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். மருந்துக்காக மனைவியின் வேலை வேண்டும். ஆகவே ஓய்வுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கும்போதே இவர் வேலையை விட்டார்.

கடைசி நாளில் மன்றத்தில் சால்வை போர்த்தினார்கள். "நம்ம சுவிட்ச் இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம், யாரும் அணைக்க மாட்டாங்க" என்று மேயர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பொதுமக்கள் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இப்பவாவது சொல்லேன். அன்னிக்கு என்ன சொல்ல வந்தே?"

அவள் சீப்பை நிறுத்தவில்லை. ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இந்த ஹால்ல மைக் போடுறவர்தான் இவளோட அப்பா. இத்தனை வருஷமா நீங்க பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டு மூலையில உக்காந்திருக்கார். உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல, இனிமேலும் கேக்க மாட்டார். அவருக்கும் சேத்து நான் கேக்குறேன். அவ்வளவுதான்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாப்பா பாதி வாரிய தலையோடு எழுந்து வந்து அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். மனைவி சிறிது நேரம் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள்.