செவ்ரான் காட்டில் தார் முடிந்த இடம்

காலை 8.40. பாரிசில், ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் இரண்டு சைக்கிளையும் சாய்த்து வைத்தோம். ஒன்று என்னுடையது. பழைய சாமான் சந்தையில் அறுபது யூரோவுக்கு எடுத்தது. மற்றது மனைவி ஜெசிந்தாவுடையது. மார்ச் மாதம், திங்கட்கிழமை. நான் கோப்பை கழுவுகிற உணவகத்துக்குத் திங்கள் பூட்டு.

மரக்கறி றோல்ஸ் ஆறு கட்டச் சொன்னோம். ஒன்று ஒன்றரை யூரோ. கடைக்காரத் தம்பி சைக்கிள்களைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, ஊருக்கே வெளிக்கிட்டாச்சு?"

"செவ்ரானுக்கு. அங்கை காட்டுக்குள்ளை நடக்க."

"அதுக்கு ஏன் சைக்கிளிலை மினக்கெடுறியள்? ரயிலிலை கிட்ட."

"உங்கடை அண்ணையை ரயிலிலை கூட்டிக்கொண்டு போனா, பிளாட்போமிலையே இருந்திட்டுத் திரும்பி வந்திடுவார்," என்றாள் ஜெசிந்தா.

தம்பி சிரித்தான். அவள் சொன்னது பகிடி இல்லை.

நான் பாரிசுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது காட்டுப் பூங்காக்களுக்குப் பல தரம் போயிருக்கிறோம். அவர்கள் உள்ளே போவார்கள். நான் வாசலில் கிடக்கிற வாங்கில் குந்தியிருப்பேன். தார், சீமெந்து, கல்லுப் பதித்த தெரு என்றால் எவ்வளவும் நடப்பேன். மரத்துக்குக் கீழே மண் பாதை என்றால் கால் போகாது. நான் மன்னார்ப் பக்கம். பதினேழு வயதில் நானும் சித்தப்பா மகனும் விறகுக்குப் போனோம். அவன் பாதையை விட்டு இரண்டடி இறங்கினான். மிதிவெடி. நான் பின்னால் நின்றேன். அவ்வளவுதான்.

போன கிழமை ஜெசிந்தா சொன்னாள்: "பிள்ளையள் இனி எங்களோடை வராயினம். நான் தனிய நடந்ததும் காணும். ஒருக்கா வாங்கோ. ஏலாதெண்டா நான் இனிக் கேக்கமாட்டன்."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு யோசனையாகப் போனது.

9.10. லா வில்லெத்திலிருந்து ஊர்க் கால்வாயைப் பிடித்தோம். ஊர்க் என்பது கால்வாய்க்கு வரும் ஆற்றின் பெயர். கரையோடு சைக்கிளுக்கென்றே பாதை. ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லை, பாலங்களுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வளைவு. பந்தான் தாண்டும்வரை ஓடுகிறவர்கள் கூட்டம். பொபினியில் சுவர் முழுக்கச் சாயப் படம். பொண்டிக்குப் பிறகு ஆட்கள் குறைவு. ஒரு கொக்கு தண்ணீர் ஓரத்தில் நின்றது. நாங்கள் கிட்டப் போயும் அசையவில்லை. லா வில்லெத்திலிருந்து காட்டு வாசல் வரை ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். எனக்கு முழங்கால் நோகவில்லை. ஜெசிந்தா இரண்டு தரம் இறங்கினாள், ஒரு தரம் தண்ணீர் குடிக்க, ஒரு தரம் என்னைத் திட்ட. நான் வேகமாய்ப் போகிறேனாம்.

10.50. வாசல். உள்ளே நுழைந்ததும் ஒரு வாங்கு. நல்ல மர வாங்கு, வெயில் படுகிற இடம். நான் பார்த்தேன். ஜெசிந்தா அதைப் பார்க்காத மாதிரிச் சைக்கிள்களைப் பூட்டினாள். பிறகு அறிவிப்புப் பலகையை வாசித்தாள்.

"இஞ்சை முந்தி அரசாங்கம் வெடிமருந்து செய்ததாம்."

"நல்ல இடம் பாத்துத்தான் கூட்டியந்திருக்கிறீர்."

"எனக்கும் இப்பதானப்பா தெரியும்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கொஞ்சத் தூரம் நடந்துவிட்டோம். அது தார்.

11.15. தார் முடிந்தது. முதல் நாள் மழை. பாதை கறுத்த சேறு. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், இலை இன்னும் வரவில்லை. நான் கால் எடுத்து வைக்கப் போனேன். அப்போது கண்டேன். பாதை ஓரம் சின்னச் சின்ன மரக்கட்டைகள் வரிசையாய்க் குத்தியிருந்தன. நுனியில் சிவப்புச் சாயம். ஊரில் மிதிவெடி கிளப்புகிறவர்கள் அப்படித்தான் குத்துவார்கள். சிவப்புக்கு அங்காலே போகக் கூடாது.

நின்றுவிட்டேன். ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

கைவண்டி தள்ளிக்கொண்டு பூங்காவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். என் முகத்தைப் பார்த்து, "மிசியே, சுகமில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குத் தெரிந்தது உணவகக் குசினியில் பழகிய பிரெஞ்சு. கட்டையைக் காட்டி, அது என்ன என்றேன்.

"ஓக் கன்றுகள். இப்போதுதான் நட்டோம். தயவுசெய்து அந்தப் பக்கம் மிதிக்க வேண்டாம்."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்தில் ஒரு குச்சி, பென்சில் தடிப்பு. நுனியில் மொட்டு. மிதிக்கமாட்டேன் என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா பாதையில் இறங்கினாள். நாலடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ரை அடியிலை வைச்சு வாங்கோ."

"உம்மடை அடி சின்னன்."

"அப்ப நுனிக்காலிலை வாங்கோ."

வைத்தேன். வெடிப் பயம் உள்ள இடத்தில் நாங்கள் அப்படித்தான் நடந்தோம், முன்னே போனவனின் அடியில் அடி வைத்து. அது அவளுக்குத் தெரியும்.

முதல் அரைக் கிலோமீற்றரில் என்ன மரம் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளுடைய சப்பாத்தின் அடியில் மீன்முள் மாதிரிக் கோடு. அதைத்தான் பார்த்தேன். ஓரிடத்தில் சருகு மூடிக் கிடந்தது, அடி தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு அடியையும் ஓங்கிக் குத்தி நடந்தாள். சருகு அமுங்கியது. நான் வந்தேன். முதுகு நனைந்திருந்தது.

12.30. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் இருந்தபடி றோல்ஸ் சாப்பிட்டோம். ஆறி இறுகிவிட்டது, ஆனாலும் ருசி. மரங்கொத்தி ஒன்று எங்கேயோ தட்டியது. பாதைப் பலகையில் சுற்றி வருகிற வட்டம் மூன்று கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. பாதிதான் வந்திருந்தோம்.

"வந்த வழியாலையே போவம். அடி கிடக்கு," என்றாள்.

நான் கையைத் துடைத்தேன். முன்னால் கிடந்த பாதையில் ஒரு காலடியும் இல்லை. நாய் போன தடம்கூட இல்லை.

"வட்டத்தை முடிப்பம். நான் முன்னாலை போறன்."

அவள் றோல்ஸ் சுற்றின கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நடந்தேன். முதல் இருபதடி எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. ஒரு வளைவில் பழைய செங்கல் கட்டடம், அதன் மேல் பாசி. ஒரு குட்டையில் இரண்டு தாரா நீந்தின. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கனதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா என் அடிக்குள் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"நீர் ஏன் அப்பிடி நடக்கிறீர்?"

"உங்கடை அடி பெரிசு. சேறு ஒட்டாது."

13.50. வாசல். திரும்பிப் போக ரயில், ஆளுக்கு இரண்டரை யூரோ. நெரிசல் நேரம் இல்லையென்றால் சைக்கிளையும் ஏற்றலாம். போகிறவர்கள் மழைச் சப்பாத்துப் போட்டுப் போங்கள். வாசலில் அந்த வாங்கு இருக்கிறது. நாங்கள் அதில் ஐந்து நிமிடம் இருந்தோம், குச்சியால் சேற்றை வழித்தெடுக்க.