வௌவாலுக்கு முன்னே லட்சுமி

யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைப் பக்கத்து உக்குவளைக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சல் மூட்டியது இந்த ஊரின் குளிரோ அட்டையோ அல்ல. பொழுதுபடுகிற நேரம் பார்த்து ஊரே கதவைச் சாத்திக்கொள்வதுதான். நம் பக்கத்தில் எப்படி? கருக்கலில் பின்கதவை மூடி, சாமி விளக்கை ஏற்றி, வாசற்கதவை விரியத் திறந்து வைப்போம். லட்சுமி வருகிற நேரம் அல்லவா! அப்போது ஒரு வீடு மூடிக் கிடந்தால் யாருக்கு என்னவோ என்று அயல் ஓடிவரும். இங்கே எங்கள் அயலில் எல்லாம் முஸ்லிம் குடும்பங்கள். மஹ்ரிப் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்வதற்குள் பிள்ளைகளை உள்ளே அழைத்து, கதவு சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். நான் மட்டும் விளக்கும் கையுமாக வாசலில் நிற்பேன்.

என் கணவருக்குத் தபால் கந்தோரில் வேலை. எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்தவர் வேலிக்கு அப்பால் இருந்த மிளகு, கொக்கோ வியாபாரி. அவருடைய மனைவியை எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வந்த முதல் கிழமையே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "புள்ள, மஹ்ரிபுக்கு முந்தி கதவச் சாத்திருங்க. தொறந்து போடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீடு அவருடையது, சரி. அதற்காக அவருடைய சமயமும் சேர்த்தா வாடகைக்கு வந்தது? அன்று கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தேன். என் வீம்பு அப்படி.

மழை விட்ட நாட்களில் விளக்கைத் தேடிப் பூச்சி வந்தது. பூச்சிக்குப் பின்னால் வௌவால் வந்தது. கொக்கோ மரங்களுக்குள்ளிருந்து வருகிற சின்ன வகை. உள்ளே புகுந்தால் வெளியே போக வழி தெரியாமல் சுவருக்குச் சுவர் அலையும். நான் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்குவேன். கணவர் கந்தோருக்குக் கொண்டுபோகும் கறுப்புக் குடையை வீட்டுக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு, "அங்காலை அடியும், அங்காலை!" என்று கட்டளை போடுவார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு வௌவால் சாமிப்படத்தை ஒரு சுற்றுச் சுற்றி, செட்டை பட்டு விளக்கு அணையும்வரை.

அப்போது நான் பிள்ளைத்தாச்சி. இருட்டுக்குள் அவர் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது.

"இனி இது சரிவராது. உம்மை வாற கிழமை ஊருக்குக் கொண்டுபோய் விடுறன். வௌவால் புகுந்த வீட்டிலை உம்மை இப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு அம்மா அறிஞ்சால் என்னைக் கொல்லுவா."

"இஞ்சாருங்கோ, ஒரு வௌவாலுக்காகவோ?"

"வௌவால் அடையிறது பாழடைஞ்ச வீட்டிலை."

எனக்கென்று அமைந்த முதல் குடித்தனம் அது. ஊரில் மாமியின், அதாவது அவருடைய அம்மாவின், குசினியில் உப்பு எவ்வளவு போடுவது என்பதற்கும் அனுமதி வேண்டும். இங்கே நான் வைத்ததுதான் கறி. கணவர் வேலை முடிந்து வந்து குசினி வாசலில் பலகை போட்டிருந்து கதை சொல்லுவார். ஊரில் மாமிக்கு முன்னால் அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஊருக்குப் போனால் பிள்ளை பிறந்து எத்தனை மாதத்துக்குப் பிறகு திரும்பி வருவேனோ! திரும்பி வருவேனோ என்னவோ!

மறுநாள் காலையில் வேலியடியில் நின்று அழுதேன். ராத்தா கொக்கோ விதை காயவைத்த பாயை அப்படியே விட்டுவிட்டு வந்தார். வௌவால் வந்த கதையைச் சொன்னேன்.

"அதுக்குத்தானே புள்ள அன்னைக்கே சொன்னேன். இங்க அந்த நேரந்தான் வவ்வால் கெளம்பும். சாமி வெளக்குன்னு தெரியாம சொல்லிட்டேனோன்னு பொறவு எனக்கே மனசுக்குள்ள கெடந்திச்சு."

"சாத்தினால் லட்சுமி எப்பிடி ராத்தா வாறது?"

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. "அவங்கள கொஞ்சம் முந்தி வரச் சொல்லுங்களேன். வெயில் இருக்கக்கொள்ளயே வெளக்க வெச்சா வரமாட்டாங்களா?"

அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை!

அன்று மலையில் வெயில் இருக்கும்போதே விளக்கை ஏற்றி, கதவைத் திறந்து, தேவாரம் பாடி முடித்தேன். பாங்கு கேட்டது, எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே வௌவால்கள் தங்கள் பாட்டில் பறந்தன. மறுநாளும் அப்படியே. அந்தக் கிழமை முழுவதும் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. கணவர் குடையை ஆணியில் மாட்டினார்.

"லட்சுமிக்கும் கந்தோர் நேரம் வைச்சிட்டீர்," என்றார்.

ஊருக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது. மகள் மாத்தளையில்தான் பிறந்தாள். முதலில் அவள் நாக்கில் தேன் தொட்டு வைத்தது ராத்தா.

இந்தச் சித்திரைக்கு மகளோடு ஊருக்குப் போயிருந்தோம். கருக்கலில் மாமி விளக்கேற்றினார். என்னை அறியாமலே நான் எழும்பிப்போய் வாசற்கதவைச் சாத்திவிட்டேன்.

"விசரே உனக்கு? லட்சுமி வாற நேரம்!" என்று மாமி பதறினார்.

"அவ நேரத்தோடை வந்திட்டா, மாமி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவசரமாகத் திறந்தேன். பனைகளுக்கு மேல் வானம் அகலமாக, அழகாகத்தான் கிடந்தது. மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க இன்னும் பாங்கு சொல்லலியா? வீட்டுக்கு எப்ப போறோம்?"

"இதுதானடி உன்ரை வீடு" என்றார் மாமி.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்தபடி, வராத பாங்குக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.