ஒன்பது வாஷர்

என் அக்காளை லாரிக்காரர்கள் "சீட்டக்கா" என்பார்கள். சரக்குக் கிடங்கின் வாசல் அறையில் உட்கார்ந்து, வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் கணினியில் சீட்டு அடித்துக் கொடுப்பவள் அவள். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே கணினி, செங்கல் கனத்தில் அதே விசைப்பலகை. விசைகளைப் பார்க்கவே மாட்டாள். விரல் அதுபாட்டுக்கு ஓடும், வாய் ஓட்டுநரிடம் அவர் மகளின் பரீட்சையை விசாரித்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் சீட்டுகளில் எழுத்து விழாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் பதினேழு மூட்டைக்கான சீட்டில் ஏழு விழவில்லை. ஒரு மூட்டைக்குச் சீட்டு, வண்டியில் பதினேழு. வாசலில் பெரிய ரகளை. மேலாளர் வந்தார், நின்றபடியே ஒவ்வொரு விசையாக அமுக்கிப் பார்த்தார். எல்லாம் திரையில் விழுந்தன.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் தளர்ந்துபோச்சு. திங்கட்கிழமையிலேருந்து வேற ஆளைப் போட்டுக்கிறேன், நீங்க ஓய்வெடுங்க" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம். அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காள் கணவர், என் அத்தான், பம்பு மோட்டார் பழுது பார்ப்பவர். துருப்பிடித்த போல்ட்டோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவாரே தவிர, முடியாது என்று எதையும் திருப்பிக் கொடுத்தது கிடையாது. மேலாளரிடம் கேட்டுக் கணினியையே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு விசை விடாமல் அமுக்கிப் பார்த்தார்.

"எல்லாம் விழுதே" என்றார்.

அக்காள் சமையலறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அத்தான், உங்க கட்டைவிரலால அமுக்கினா சுவத்துலகூட எழுத்து விழும். அக்கா அப்படியா அடிக்கிறா?"

அத்தான் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பட்டறைப் பெட்டியிலிருந்து ஒரே அளவு வாஷர்களாக, போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையங்களாக, பொறுக்கி எடுத்து வந்தார்.

"கையை நம்பக் கூடாது. அளந்துடுவோம்."

ஒரு விசையின் தலையில் வாஷர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்பதாவதில் விசை இறங்கியது, எழுத்தும் விழுந்தது. பக்கத்து விசைக்கும் ஒன்பது. அடுத்ததற்கும் ஒன்பது. ஏழாம் எண்ணுக்கு வந்தார். ஒன்பதில் விசை இறங்கியது, எண் விழவில்லை. பதினைந்து. பதினெட்டு. இருபத்திரண்டில்தான் திரையில் ஏழு வந்தது.

"ஏய், இங்க வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அக்காள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "உன் கையில ஒண்ணுமில்ல. இதுலதான் கோளாறு. பாரு, நீயே அடுக்கிப் பாரு."

அவள் அடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி நான்கு விசைகள் அகப்பட்டன. அவற்றின் உள்ளே, ஒன்றையொன்று தொட வேண்டிய மெல்லிய தகடுகள் கறுத்துக் கிடந்தன. காகிதத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து இடையில் விட்டு இழுத்தார் அத்தான். மூன்று விசைகள் ஒன்பதுக்கு இறங்கி வந்தன. ஏழு மட்டும் மசியவில்லை, அதன் தகட்டில் விரிசல். மேல் வரிசையில் யாரும் தொடாத ஒரு விசையைப் பிடுங்கி ஏழின் இடத்தில் பற்றவைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி பற்றவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆறி அவலாகிவிட்டது. மூன்றாவது தடவை ஒன்பது வாஷருக்கு ஏழு விழுந்தது.

திங்கட்கிழமை அத்தான் கணினியைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்; அக்காள் அந்த ஒன்பது வாஷர்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். புது ஆள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாராம். அவரையும் மேலாளரையும் வைத்துக்கொண்டே முதல் லாரிக்கு எழுபத்தேழு மூட்டை என்று அடித்தாள். மேலாளர் சீட்டை இரண்டு முறை படித்தார். புது ஆளை உள்ளே எடை போடும் வேலைக்கு அனுப்பிவிட்டார். வாஷர்களை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சாயங்காலம் அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உன் விரலைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே."

"விடுங்க" என்றாள் அக்காள். "நானே சந்தேகப்பட்டுட்டேன்."